எள்ளும் மணலும்

நிகழாத ஒன்று, நிகழக்கூடும் என்பதனாலேயே உள்பொருளாகிவிடுமா என்பது தத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. 2008இல் ரஷ்யாவின் நல்சிக் நகரில் நடைபெற்ற பெண்கள் உலகச் சதுரங்கப் போட்டியின் முதற்சுற்றில், போலந்தின் மோனிகா சோச்கோவும் ருமேனியாவின் சபீனா ஃபொய்ஷோரும் ஆடிய 'ஆர்மகெடான்' ஆட்டம் அவ்வினாவை ஒரு நடுவரின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. வெள்ளைக்குக் கூடுதல் நேரமும், ஆட்டம் சமனானால் கறுப்புக்கே வெற்றியும் என்ற நிபந்தனையோடு ஆடப்படும் மின்னல்வேக ஆட்டமே ஆர்மகெடான் எனப்படும். இரு தரப்பிலும் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில், கறுப்புக் காய்களை ஆடிய ஃபொய்ஷோரின் நேரம் தீர்ந்தது. ஆட்டம் சமன் என்று முதலில் அறிவிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பின் வெற்றி சோச்கோவுக்கு வழங்கப்பட்டது.

நேரம் தீர்ந்தவர் தோற்பார் என்பதும், விதிக்குட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் அவருடைய ராஜாவை எதிராளி வீழ்த்தவே முடியாதெனில் மட்டும் ஆட்டம் சமன் என்பதும் விதி. ராஜாவும் ஒரு குதிரையும் தனி ராஜாவை ஒருபோதும் வீழ்த்த இயலா. ஆனால் மூலையில் நிற்கும் கறுப்பு ராஜா வெளியேறக்கூடிய மூன்று கட்டங்களுள் ஒன்றை அதன் சொந்தக் குதிரையே அடைத்துக்கொண்டு, மற்ற இரண்டை வெள்ளை ராஜா காத்து நிற்க, வெள்ளைக் குதிரை செக் வைத்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

பலகையில் இவ்வாறு சாத்தியமாக மட்டுமே இருந்த வெற்றியை உள்பொருள் எனலாமா என்பதற்கு ஒரு பழைய தத்துவ வாதம் துணைசெய்யும். காரியம் தோன்றுமுன்னரே காரணத்துள் அடங்கியிருக்கிறது எனக் கொள்ளும் சாங்கியரின் கொள்கை சற்காரியவாதம் எனப்படும். எள்ளில் எண்ணெய் உள்ளதால்தான் அது வெளிப்படுகிறது, மணலை எவ்வளவு ஆட்டினாலும் வெளிப்படாது என்பது அதற்குக் காட்டப்படும் உவமை. காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்னும் நியாய வைசேடிகரின் அசற்காரியவாதம் இதை மறுக்கும். அவ்வழியில் நோக்குவோர், தேர்ந்த வீராங்கனை எவரும் தன் குதிரையால் தன் ராஜாவையே அடைக்கமாட்டார் என்பதால் அவ்வெற்றி அங்கு இல்லவே இல்லை எனலாம். ஆனால் அவ்வாறு தீர்ப்பளிக்க, ஆடாத நகர்த்தல்களில் ஒருவர் எவ்வளவு பிழைபடுவார் என்று நடுவர் கணிக்க வேண்டியிருக்கும். விதியோ மனத்தை அளக்காமல் பலகையை மட்டும் நோக்கி, இது எள்ளா மணலா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது.

நேரம் தீருமுன் அந்தக் கறுப்புக் குதிரை வெட்டுப்பட்டிருந்தால் ஆட்டம் அக்கணமே சமனாகி, ஃபொய்ஷோர் அடுத்த சுற்றுக்குச் சென்றிருப்பார். அவருக்கு எஞ்சியிருந்த ஒரே துணைக்காயே பலகையை எள்ளாக்கியது.