பனி விழுந்த மரத்துக்கு என்ன சொல்வது?

"பலனை எதிர்பார்க்காதே" என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். சமய வகுப்பில் சொல்வார்கள், பரீட்சை முடிவு வந்த அன்றும் சொல்வார்கள். நல்ல கருத்துதான். ஆனால் அதை அடுத்தவரிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கு? சில நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் வடகிழக்கில், 'டான்சிங் ரேபிட்' என்றொரு சுற்றுச்சூழல் கிராமம் இருக்கிறது. 1997-இல் தொடங்கினார்கள். 280 ஏக்கர் நிலமும் பொது அறக்கட்டளையின் பேரில் இருக்கிறது. சொந்தக் கார் வைத்துக்கொள்ளக் கூடாது. சில வண்டிகளை ஊரே பகிர்ந்து ஓட்டுகிறது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துப் புழங்குகிறார்கள்.

நமக்கு வசந்தம் என்பது பாட்டில் வரும் சொல். அந்தப் பகுதியில் தோட்டம் போடுகிறவர்களுக்கோ ஆசையும் பயமும் கலந்த பருவம். மார்ச்சில் வெயில் அடித்தால் பீச் மரம் நம்பிப் பூத்துவிடும். பிறகு உறைபனி வரும். வெப்பம் மைனஸ் 4 டிகிரிக்கு இறங்கினால், விரிந்த பூக்களில் பத்துக்கு ஒன்பது கருகிவிடும். 2007-இல் மார்ச் மாதம் கதகதப்பாக இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கடுங்குளிர் வந்தது. மிசூரி உட்படப் பல மாநிலங்களில் பழமரங்களும் கோதுமையும் நாசமாயின.

மரம் செய்தது தப்பா? இல்லையே! நம்ம ஊர் டுரியானும் வறட்சியை நம்பித்தான் பூக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கனமழை கொட்டினால் பூ உதிர்ந்துவிடும்.

எங்கள் இயக்கத்தில் ஒரு தம்பி. நன்றாகப் படித்தான், நல்ல மதிப்பெண்ணும் எடுத்தான். கேட்ட படிப்பு கிடைக்கவில்லை. எல்லாரும் அதே ஆறுதலைச் சொன்னார்கள். அவன் என்னிடம் கேட்டான்: "அக்கா, இடம் கிடைச்சவங்கதான் இதைச் சொல்றாங்க, கவனிச்சீங்களா?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அங்குள்ள தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. குளிர் தாங்கும் பட்டாணியையும் கீரையையும் முதலில் விதைக்கிறார்கள். தக்காளி நாற்றை வீட்டுக்குள் வளர்த்து, மே மாதம் வரை காத்திருக்கிறார்கள். பனி வரும் என்று தெரிந்தால் பழைய போர்வையால் செடியை மூடுகிறார்கள். அதற்கு மேல் அவர்கள் கையில் இல்லை. பற்றில்லாமல் உழைப்பது என்றால் இதுதான். 'விதி' என்று உட்கார்ந்துவிடுவது அல்ல.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிராமத்தில் பலர் கூட்டுச் சமையலில் சேர்ந்து, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவர் பாத்தி கருகினால் அவர் மட்டும் பட்டினி கிடக்க மாட்டார். பனியைத் தடுக்க முடியாது. அதன் நஷ்டம் முழுவதும் ஒருத்தர் தலையில் விழாமல் தடுக்கலாம்.

"இப்படிப் பகிர்ந்தால் சோம்பேறிகள் பெருகிவிடுவார்களே" என்று சிலர் கேட்கலாம். சமையல் முறையைத் தட்டிக்கழிப்பவரைக் கண்டிக்கலாம். பனியில் பயிரை இழந்தவர் கதை வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், உழைத்தவரையும் குற்றவாளி ஆக்கிவிடுவோம்.

ஆகவே என் முடிவு இது: பலனை எதிர்பார்க்காதே என்று எனக்கு நானே தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரிடம் சொல்வதற்கு முன்னால், அவர் நஷ்டத்தில் ஒரு பங்கை நான் சுமக்க வேண்டும். அந்தத் தம்பிக்காக நாங்கள் மூன்று பேர் வாரம் ஒரு மாலை ஒதுக்கி, வேறு கல்லூரிகளையும் உபகாரச் சம்பளங்களையும் தேடி விண்ணப்பம் போட்டு வருகிறோம். கிடைக்குமா, தெரியாது. உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.