தூக்கிச் செல்லப்படுதல்

நிந்தவூரிலிருந்து வேனில் புறப்பட்டு காரைதீவு, கல்முனை, கல்லாறு, காத்தான்குடி எனக் கடந்து புளியந்தீவிலுள்ள மட்டக்களப்புக் கோட்டையை அடைந்தோம். இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. சக்கர நாற்காலியில் வாழும் எனக்கு உள்ளே போவது பெரிய சிரமமாக இருக்கவில்லை. மதிலுக்கு ஏறும் படிகளில்தான் தடைப்பட்டேன். வாவியைப் பார்க்க அங்கேதான் ஏற வேண்டும்.

மருமகனும் அங்கு நின்ற இரண்டு இளைஞர்களும் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். "மாமா, இறுக்கிப் புடிச்சிக்கோங்க" என்றான் மருமகன். மேலே நல்ல காற்று. ஆனால் கரடான தரையில் சக்கரம் உருளவில்லை. அவர்கள் வைத்த திசையில் தெரிந்ததை மட்டுமே பார்த்தேன். மறுபக்கமும் பார்க்க ஆசைதான். மூவரும் வியர்த்து நின்றதைக் கண்டு கேட்காமல் விட்டேன்.

அன்போடு உதவியவர்களிடம் என்ன குறை? அவர்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் நன்றிக்கடன் பட்டவன் "இன்னும் சற்று நேரம் நிற்போமா?" என்று கேட்கக் கூசுகிறான். உதவி பிறர் மனதைப் பொறுத்தது. உரிமைக்கு எவர் மனமும் இளக வேண்டியதில்லை. பொதுமக்கள் செல்லும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன.

புராதனச் சின்னத்தில் கைவைத்தால் பழைமை கெடும் என்று சிலர் சொல்வார்கள். அக்கவலை நியாயமானதே, கல்லை உடைக்கும்படி நானும் கேட்கவில்லை. எனினும் இக்கோட்டையின் கதையைப் பாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் தம் தேவைக்கேற்ப மாற்றினர். ஆங்கிலேயர் காலத்தில் உள்ளே அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன; நீண்டகாலம் கச்சேரியும் அங்கே இயங்கியது. பீரங்கிக்காகவும் கோவைகளுக்காகவும் மாறிய கோட்டை, கழற்றி எடுக்கக்கூடிய ஒரு மரச் சரிவுப்பாதையால் மட்டும் கெட்டுவிடுமா? எவருடைய தேவை வரலாறாகிறது, எவருடைய தேவை இடையூறாகிறது என்பதை யார் தீர்மானிப்பது?

இறங்கும்போதும் தூக்கினார்கள். அந்த இளைஞர்களுக்கு மனமார நன்றி சொன்னேன். அவர்கள் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மறுபக்க வாவியைப் பார்க்க நான் மீண்டும் போகவேண்டும். அன்றைக்கு அவர்கள் அங்கே நிற்பார்களா என்பதுதான் தெரியவில்லை.