காணாத கடலை வரைந்தவர்கள்

1732ஆம் ஆண்டளவில், கிழக்கிந்தியக் கம்பெனியார் இலண்டனிலிருந்த தம் தலைமையகச் சுவர்களை அணிசெய்ய ஆறு ஓவியங்களைத் தீட்டச் செய்தனர். அவற்றுள் ஒன்று நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையையும் அதன் முன்னுள்ள கடலையும் காட்டுவது. நிலக்காட்சியை ஜார்ஜ் லாம்பர்ட்டும், கடலையும் கப்பல்களையும் சாமுவேல் ஸ்காட்டும் வரைந்தனர். இருவருமே இந்திய மண்ணை மிதித்தவர்கள் அல்லர்.

கப்பல்களை ஸ்காட் தேம்ஸ் ஆற்றில் கண்டிருப்பார். அவற்றைத் தீட்டும் பாங்கையோ, 1672-73இன் குளிர்காலத்தில் ஒல்லாந்திலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய வில்லெம் வான் டி வெல்டே என்னும் தந்தை, மகன் இருவரின் கடலோவிய மரபிலிருந்து, சிறப்பாக மகனின் படைப்புகளிலிருந்து, பெற்றார். ஆக, நம் சோழமண்டலக் கடல் ஒல்லாந்தரின் கண்கொண்டு வரையப்பட்டது.

அன்று சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, நம் கரையோர மக்களே கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் பேரலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தனர். அந்த அலையோசையைக் கேளாதவர் அவர்தம் அச்சத்தை எங்ஙனம் அறிவார்?

எனினும், காணாததைச் சொல்வதே தவறு என்று கூறிவிட முடியுமா? தூய லூக்கா ஆண்டவரை நேரில் கண்டவர் அல்லர். அவரை ஓவியர் என்றே திருச்சபை மரபு போற்றுகிறது. ஆனால் கண்டவர்களிடமிருந்து பெற்றதை ஆராய்ந்து எழுதுவதாகத் தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். கடன்பட்டதை அவர் மறைக்கவில்லை. கேட்டறியும் உழைப்பையும் தவிர்க்கவில்லை.

இது எனக்கே உரிய பாடம். சில ஆண்டுகளுக்கு முன், தளவாய்புரத்தில் ஒரு முதியவரின் அடக்கத் திருப்பலியில் மறையுரையாற்றினேன். உழைப்பாளி, பொறுமைசாலி, பக்தர் என்று எந்நாளும் சொல்லும் சொற்களையே அடுக்கினேன். கல்லறைத் தோட்டத்தில் அவர் மகள் அருகில் வந்து, "சாமி, பிரசங்கம் நல்லா இருந்துச்சு. ஆனா அது எங்க அப்பா இல்ல" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

மொழியும் வடிவமும் முன்னோரிடமிருந்து வருபவை. அவற்றைக் கடன் வாங்காமல் எவரும் பேச இயலாது. ஆனால் ஒரு மனிதரின் வாழ்வை எவரிடமும் கேட்டறியாமல் அந்த வடிவத்துக்குள் அடைப்பது, அவரை இரண்டாம் முறை புதைப்பதாகும். இப்போதெல்லாம் அடக்கத்துக்கு முன் அவ்வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்து கேட்கிறேன். அதன் பிறகும் என் சொற்கள் பழையவையே. ஆயினும் அவற்றுள் ஒரு முகம் தெரிகிறது.