உபதேசியாரின் சந்தேகம்

எங்கள் சபை உபதேசியாரின் மகன் துபாயில் இருக்கிறான். அங்கே வாட்சப்பில் எழுதலாம். பேச முடியாது, தடை. அதனால் அவனுடைய அறைத் தோழர்கள் விபிஎன் போட்டுத்தான் ஊருக்குப் பேசுகிறார்கள்; அவனும் அப்படியே பேசப் பார்க்கிறான். "நிக்கிற எடம் ஒண்ணு, காட்டுற எடம் ஒண்ணு. இது பொய்யில சேராதா தம்பி?" என்று உபதேசியார் கேட்டார். சாயர்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் மற்றவர்கள் 'வேலை செய்யுமா' என்பதற்கு மேல் கேட்டதில்லை.

வேலை செய்ய வைப்பதில் கஷ்டமில்லை. வயர்கார்டு என்ற விபிஎன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் அமைப்புக் கோப்பை உள்ளே இழுத்து 'ஆக்டிவேட்' அழுத்தினால் ஆயிற்று. ஆண்ட்ராய்டில் கியூஆர் கோடைக் காட்டலாம். உபுண்டுவில் ரூட் அதிகாரத்தோடு ஒரு வரி தட்ட வேண்டும்; லினக்ஸ் கெர்னலிலேயே 2020-இல் அதைச் சேர்த்துவிட்டார்கள். எதில் போட்டாலும் நம் தகவல் பூட்டிய உறைக்குள் எங்கோ ஒரு சர்வருக்குப் போய், அந்த சர்வரின் முகவரியோடு வெளியே வரும்.

ஆண்ட்ராய்டு முதல் தடவை ஒரு எச்சரிக்கை காட்டும்: இந்தச் செயலியால் உங்கள் நெட் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும் என்று. ஒருவரும் வாசிப்பதில்லை. என்னைக் கேட்டால் முழு வேலையிலும் வேதபாடத்துக்கு உரிய இடம் அதுதான். சிம் கம்பெனியின் கண்ணுக்குத் தப்பி சர்வர்காரன் கண்ணில் விழுகிறோம், அவ்வளவே. அவனையும் விட்டார்களா? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன், வாடிக்கையாளர் பெயர், முகவரியை விபிஎன் நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தியபோது எந்த விபிஎன்னும் உதவவில்லை. ஒளிந்து போகவும் பாதை வேண்டுமே.

பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஊரில் ஊழியம் செய்த ஜி.யூ. போப் 1886-இல் ஆங்கிலத்தில் தந்த குறளில், குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வள்ளுவர் இடம் கொடுக்கிறார். அகஸ்டின் கொடுக்கவில்லை, எந்தப் பொய்யும் பாவம் என்றவர். ஆனால் உண்மையைச் சொல்லாமல் வைத்திருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று அவரே பிரித்தும் வைத்தார். அந்தக் கோட்டில் மகனை நிறுத்திப் பார்த்தேன். 'எங்கே இருக்கிறாய்' என்று அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் பதில் சொல்லவில்லை. மலிவு விலைக்குச் சந்தா கட்ட வேறு நாட்டுக்காரனாகத் தன்னைக் காட்டுகிறவன் கதை வேறு, அது பொய்தான். இவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். அதுவும் எதற்கு? ராத்திரி குடும்ப ஜெபத்தில் சேர. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் இதைக் குற்றமாக எடுப்பாரா?

உபதேசியார் விடவில்லை. ரோமர் 13-ஐ எடுத்தார்: ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படிதல். அங்கே நான் மடங்கினேன். அமீரகச் சட்டத்தில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை அபராதம். தடை செய்த அழைப்பு அதில் வருமா என்று மகனை வைத்துச் சோதிக்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. அனுமதி பெற்ற போடிம் செயலி இருக்கிறது ஐயா, மாதாமாதம் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"அது பாவமில்ல, ஆனா சட்டமில்லங்க. இது சட்டம்தான், ஆனா காசுங்க" என்றவர், போனை நீட்டி போடிமையே ஏற்றித் தரச் சொன்னார்.