முளையைக் கண்டு முடிவு கூறலாமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வீட்டில் புழங்கும் பழமொழிகள்தாம். பரீட்சையில் தோற்று வந்த பிள்ளையைப் பார்த்துத் தகப்பனார் முதலாவதைச் சொல்லிச் சினப்பார். பாட்டியார் இரண்டாவதைச் சொல்லி அணைத்துக் கொள்வார். இருவரில் யார் சொல்வது சரி? ஒரு மனிதனின் தகுதியை அவனது பணியின் தொடக்கத்தைக் கொண்டே அளந்துவிடலாமா? கூடாதென்றால் எவ்வளவு காலம் காத்திருப்பது? இக்கேள்வியை உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். நமக்குத் தொலைவான ஒரு நாட்டில், நாம் அதிகம் அறியாத ஒரு விளையாட்டில் அது கிடைக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்துப் பயிற்சியாளர்களை அந்நாட்டார் எடைபோடும் முறையைத்தான் சொல்கிறோம்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தோழனுக்கு எறிந்தும், எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. காலுக்கு அதில் சிறு பங்கே உண்டு. தொழில்முறைக் குழுக்கள் தனியே இருக்க, பல்கலைக்கழக மாணவர் குழுக்களுக்கும் அங்கே பெரும் மதிப்பு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். பல மாநிலங்களில் பொது ஊழியர்களுள் மிக அதிக ஊதியம் பெறுபவர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரே. ஊதியம் பெரிதாகப் பெரிதாகப் பொறுமை சிறிதாகிறது. பருவம் ஒன்றுக்கு ஏறத்தாழ 12 ஆட்டங்கள். புதிதாக வந்தவர் இரண்டு பருவங்கள் தொடர்ந்து தோற்றால் போதும், 'இவர் தேறமாட்டார்' என்ற குரல் எழுந்துவிடும்.

தொடக்க ஆண்டுகளில் பயிற்சியாளரை நிறுக்க அங்கே இரண்டு படிக்கற்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று, வெற்றி தோல்விக் கணக்கு. மற்றொன்று, ஆள் சேர்க்கும் திறன். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று, பெற்றோரிடம் பேசி, கல்வி உதவித்தொகை தருவதாகச் சொல்லித் தம் கல்லூரிக்கு அழைத்து வருவதே ஆள் சேர்ப்பு. இப்பிள்ளைகளுக்கு ஐந்து வரை நட்சத்திரங்கள் இட்டுத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் உள்ளன. எக்கல்லூரி எத்தகைய பிள்ளைகளைத் திரட்டியது என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியாகும். களத்தில் தோற்றவரும் பட்டியலில் முந்திவிட்டால், 'நாளை வெல்வார்' என்று மக்கள் ஆறுதல் கொள்வர்.

இவ்விரு கற்களும் சரியான எடை உடையனவா என்று பார்ப்போம்.

முதலில் வெற்றிக் கணக்கு. புதியவர் முதலாண்டில் களம் இறக்கும் வீரர்களுள் பெரும்பாலோர் முன்னிருந்தவர் சேர்த்துவிட்டுப் போனவர்கள். 2001ஆம் ஆண்டு லாரி கோக்கர் என்பவர் மயாமிப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அப்பருவத்தின் 12 ஆட்டங்களிலும் வென்று நாட்டின் முதலிடத்தைப் பெற்றார். அடுத்த பருவத்தின் இறுதி ஆட்டத்தில்தான் முதல் தோல்வியைக் கண்டார். இதைவிடச் சிறந்த முளை உண்டா? ஆனால் அவ்வீரர்களைத் திரட்டியவர் அவருக்கு முன் தலைவராக இருந்த புட்ச் டேவிஸ். கோக்கர் அப்போது அவருக்கு உதவியாளர். அத்தலைமுறை கல்லூரியை விட்டுச் செல்லச் செல்லக் குழு தளர்ந்தது. 2006ஆம் ஆண்டுப் பருவத்தோடு கோக்கர் நீக்கப்பட்டார்.

நோத்ர டேம் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கூர்மையானது. 2002இல் அங்கு வந்த டைரோன் வில்லிங்காம் தம் முதல் 8 ஆட்டங்களிலும் வென்றார். ஊரே கொண்டாடியது. 2004இல், மூன்றாம் பருவம் முடிந்ததும், அவரை விலக்கினார்கள். அடுத்து வந்த சார்லி வைஸ் 7 ஆட்டங்களை நடத்தி, அவற்றுள் ஐந்தில் வென்றிருந்த நிலையிலேயே, அவரோடு 10 ஆண்டுப் புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். ஆள் சேர்ப்புப் பட்டியலிலும் அவர் உயர்ந்த இடங்களைப் பெற்றார். 2007இல் அவரது குழு 3 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் தோற்றது. 2009இன் இறுதியில் அவரும் நீக்கப்பட்டார். முளையைக் கண்டு இருமுறை மகிழ்ந்தார்கள். இருமுறையும் அறுவடை வேறாயிற்று.

இனி, இரண்டாவது கல். 2022இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு ஜிம்போ ஃபிஷர் சேர்த்த புதிய வீரர்களின் தொகுதி நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அதே ஆண்டு அக்குழு 5 ஆட்டங்களில் வென்று 7 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஒப்பந்தப்படி 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து அவரை அனுப்பி வைத்தார்கள். அப்படியானால் ஆள் சேர்ப்பு வெறும் கானல் நீரா? அதுவும் அன்று. 2007இல் அலபாமாவில் பொறுப்பேற்ற நிக் சேபன், முதற்பருவத்தில் 7 வெற்றி, 6 தோல்வி என்றே முடித்தார். சிறு கல்லூரியொன்றிடமும் தோற்றார். அடுத்த ஆண்டு அவர் சேர்த்த இளைஞர் கூட்டம் நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. 2009இல் 14 ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றார். நட்சத்திரங்கள் சில வேளை மெய்யும் சொல்கின்றன. எந்த வேளையில் சொல்கின்றன என்பதுதான் முன்கூட்டித் தெரிவதில்லை.

ஆக, தொடக்கத்து வெற்றிக் கணக்கில் பிறருடைய நேற்று கலந்திருக்கிறது; ஆள் சேர்ப்புக் கணக்கில் பிள்ளைகளுடைய நாளை கலந்திருக்கிறது. இரண்டிலும் அந்த மனிதருடைய இன்று எவ்வளவு என்று பிரித்தறியாமல் தீர்ப்புச் சொல்கிறோம்.

பொறுமையின் பக்கம் பேசுவோர் காட்டும் பெயர் ஃபிராங்க் பீமர். 1987இல் தாம் படித்த வர்ஜீனியா டெக் கல்லூரிக்கே அவர் பயிற்சியாளராகத் திரும்பினார். முந்திய காலத்து விதிமீறல்களுக்கான தண்டனையால் உதவித்தொகை இடங்கள் குறைக்கப்பட்டிருந்தன. முதல் 6 பருவங்களில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 சமநிலை. ஆறாம் பருவத்தில் வென்றவை இரண்டே ஆட்டங்கள். நிர்வாகம் அவரை வைத்துக் கொண்டது. 1993இல் 9 வெற்றிகள் வந்தன. அன்று தொடங்கி 2015இல் அவர் ஓய்வு பெறும் வரை 23 பருவங்கள் தொடர்ந்து, பருவ இறுதிப் போட்டிகளுக்கு அவரது குழு தகுதி பெற்றது.

நெஞ்சை நிறைக்கும் வரலாறுதான். எனினும் இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். பீமரின் கதை நம்மிடம் வந்து சேர்ந்ததே அவர் பின்னாளில் வென்றதால்தான். ஆறு ஆண்டுகள் பொறுத்தும் ஏழாம் ஆண்டும் தோற்றவர்களின் கதையை யார் எழுதி வைத்தார்கள்? பயிர் ஆனவற்றை மட்டும் எண்ணிப் பார்த்து, பொறுமை என்றும் பயன் தரும் என்பது, கரையேறியவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஆற்றில் ஆழமில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. பொறுமைக்கு விலை கொடுப்பவர் யார்? நிர்வாகிக்கு ஆறு ஆண்டுகள் ஒரு பரிசோதனை. மாணவனுக்கோ கல்லூரி வாழ்க்கையே நான்கைந்து ஆண்டுகள்தாம். 1987இல் பீமரிடம் வந்து சேர்ந்த இளைஞன் 1993இன் வெற்றியைக் களத்தில் நின்று காணவில்லை. 1992க்குப் பின் பீமர் நிலைத்தார். அவருடைய உதவியாளர்கள் சிலர் வேலையிழந்தனர். அவசரத்துக்கும் இத்தகைய விலை உண்டு. தம் வீட்டுக்கு வந்து பேசியவரை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்த பிள்ளை, அவர் நீக்கப்பட்டதும் அந்நியரிடம் ஒப்படைக்கப்படுகிறான். 2021 வரை, வேறொரு பெரிய கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. பெற்றோர் அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைகள் நம் பொறுமைக்கும் பலியாகலாம், நம் அவசரத்துக்கும் பலியாகலாம். இதை மறந்த பொறுமையும் அவசரமும் ஒரு தட்டில் வைக்கத் தக்கவையே.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அவர் நிற்கும் இடத்தைப் பார்ப்பதைவிட, புறப்பட்ட இடத்திலிருந்து நடந்த தூரத்தைப் பார்ப்பதே நீதிக்கு நெருங்கியது. 1989இல் பில் ஸ்னைடர் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அதற்கு முந்திய இரண்டு பருவங்களில் அக்குழு ஓர் ஆட்டத்தில்கூட வென்றிருக்கவில்லை. முதற்பருவத்தில் அவர் கண்ட வெற்றி ஒன்று, தோல்வி பத்து. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது அவமானம். அடுத்த பருவத்தில் வெற்றி ஐந்து, அதற்கடுத்து ஏழு. வந்து சேர்ந்த பிள்ளை மூன்றாம் ஆண்டில் முதலாண்டைவிடத் தேறியிருக்கிறானா? அவன் வீட்டில் கொடுத்த வாக்கு காக்கப்பட்டதா? ஆட்டம் முடிந்த பின் அவன் கையில் பட்டம் இருக்கிறதா? இவை அப்பயிற்சியாளரின் கைக்குள் அடங்கியவை. இவற்றைப் பார்க்க ஆறு ஆண்டுகள் தேவையில்லை. ஆனால் பட்டியலை விட்டுவிட்டு அருகே சென்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

இவ்வளவு பார்த்த பின்பும் ஐயம் தீராமல் போகலாம். தீராத ஐயத்தோடேயே ஒரு நிர்வாகி முடிவெடுக்க நேரிடலாம். அது அவர் கடமை. ஒருவரை நீக்குவதே அநீதி என்று நாம் சொல்லவில்லை. முடிவு எடுப்பது வேறு, தீர்ப்பு வழங்குவது வேறு. 'இப்பொறுப்பு இவரிடம் இனித் தொடர வேண்டாம்' என்பது முடிவு. அரைகுறை அறிவோடும் அதை நேர்மையாக எடுக்கலாம். 'இவர் எதற்கும் உதவாதவர்' என்பது தீர்ப்பு. அதற்கு வேண்டிய சாட்சியம் எவரிடமும் இல்லை. இல்லாத சாட்சியத்தை இருப்பதாகக் காட்டிப் பேசுவது பொய்ச்சாட்சி. அரங்கில் அமர்ந்து கூக்குரலிடும் லட்சம் பேரும் அதற்குப் பொறுப்பாளிகளே. வெற்றி பெற்றவரை ஏழு ஆட்டங்களில் மாமேதை ஆக்குவதும் அதே வகைப் பொய்தான். இனிப்பாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

தகப்பனார் சொன்னதும் பாட்டியார் சொன்னதும் பாதி உண்மைகள். முளை சில செய்திகளைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் விதைத்தவர் யார், மண் யாருடையது, மழை எப்போது பெய்தது என்று கேட்டறிந்தவனுக்கே அதன் மொழி விளங்கும். மணமாகி வந்த மருமகளையும், கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையையும், பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியரையும் மூன்று மாதத்தில் எடைபோட்டு முடித்துவிடும் நாம், அமெரிக்க அரங்குகளில் கூவுவோரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், நம் கையிலுள்ள படிக்கற்களை ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் கொள்வது நல்லது.