கூண்டு வண்டியும் கற்படுக்கையும்

டியர்டிராப் டிரெய்லர் என்பது காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும், இருவர் படுக்க மட்டுமே இடமுள்ள சிறு வண்டி. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து இறங்கும் அதன் பக்கவாட்டுத் தோற்றம் கிடைமட்டமாகக் கிடக்கும் நீர்த்துளியை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். 1930களில் அமெரிக்காவில் தோன்றி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பரவியது. 1947இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் செய்முறை வரைபடம் வந்தபின், ரம்பமும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே அதைச் செய்துகொண்டார்கள். நாலுக்கு எட்டடி ப்ளைவுட் பலகை எவ்வளவோ, வண்டியும் ஏறத்தாழ அவ்வளவே. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுக்களை. சமைக்கிறவர் நிற்பது வெட்டவெளியில்.

இந்த வண்டியைப் புகழ்கிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று சமயத்தின் பக்கம் சாய்கிறது. வீடு சிறுத்தால் உடைமை சிறுக்கும், உடைமை சிறுத்தால் பற்றும் சிறுக்கும் என்பது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் ஒரு வீட்டையும் பூட்டி வைத்துவிட்டு இரண்டாவதாக ஒரு சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவர் எதைத் துறந்தார்? வீட்டைக் கூடவே கொண்டு போவது துறவா, வீட்டை விட முடியாமையா? மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியும் இந்தக் கேள்விக்குப் பழகிய இடங்கள். இங்கே வழியில் தங்குவது வெகுகாலமாகச் சமயத்தோடு சேர்ந்த காரியம்.

டியர்டிராப்புக்கு இந்தப் பக்கத்தில் நெருங்கிய உறவு கூண்டு வண்டி. ஆடித் தேரோட்டத்துக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் அழகர்கோவில் போகிற குடும்பங்கள் ஒரு காலத்தில் வண்டி கட்டித்தான் போயின. இன்றும் சில ஊர்க்காரர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே வருகிறார்கள். வளைத்த மூங்கில் சிம்புகளின் மேல் பாய் போர்த்தினால் கூண்டு. கீழே இரண்டு சக்கரம், ஓர் அச்சு. குடமும் ஆரக்காலும் வட்டையும் பெரும்பாலும் கருவேல மரம். வட்டையைச் சுற்றி வரும் இரும்புப் பட்டாவை வறட்டி மூட்டத்தில் பழுக்கக் காய்ச்சி, செந்நிறம் மாறுவதற்குள் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரம் முனகும். அத்தனை பொருத்துகளும் ஒரே இறுக்கில் கவ்விக்கொள்ளும். ஆணி வேண்டியதில்லை.

உள்ளே மெத்தை கிடையாது. வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தால் அதுதான் படுக்கை. அந்த வைக்கோலே மாட்டுக்கும் தீவனம். போகிற வழியில் மாடு தின்னத் தின்னப் படுக்கை மெலியும். மலையடிவாரம் சேரும்போது பலகை முதுகில் உறுத்தும். படுக்கையை மாட்டுக்கு ஊட்டிக்கொண்டே பயணம் போகிறவர்களிடம் பற்றின்மையைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது சிக்கனம், அவ்வளவுதான்.

வண்டி நின்றதும் மாட்டை அவிழ்த்து, முன்பக்கத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, மரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். கூண்டுக்குள் தீ கூடாது. வைக்கோலும் பாயும் மூங்கிலும் ஒன்றாக இருக்குமிடத்தில் அந்த விதியை யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. டியர்டிராப்பின் அடுக்களை வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் அதற்கும் அதே பயன் கிடைக்கிறது. இந்த விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை மதுரை பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையப் பகுதியில் கழற்றி நிறுத்தப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் கோயிலாக வந்துகொண்டிருந்த யாத்திரிகர்கள் 9 பேர் இறந்தார்கள். ரயிலில் கொண்டுவரக் கூடாத சமையல் எரிவாயு சிலிண்டர் பெட்டிக்குள் இருந்தது. நகரும் வீட்டுக்குள் முழு வீட்டையும் அடைக்கப் பார்ப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

வண்டிக்காரர்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் சமண முனிவர்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, திருப்பரங்குன்றம், கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் எனப் பல இடங்களில் அவர்கள் தங்கிய குகைத்தளங்கள் இருக்கின்றன. பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கி, தலைமாட்டைச் சற்றே உயர்த்திவிட்ட கற்படுக்கைகள். ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம். குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கும். பாறைமேல் வழியும் மழைநீர் அந்தக் காடியோடு நின்று வெளியே சொட்டும், உள்ளே வராது. டியர்டிராப்பின் வளைந்த கூரை செய்கிற வேலையை இங்கே இரண்டு விரல் ஆழத்து உளிவேலை செய்துவிடுகிறது. ஒரு தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சம் எது வேண்டும் என்று கேட்டால், இந்தக் குகைகளின் விடை சுருக்கமானது: முதுகுக்குச் சமதளம், தலைக்கு மேல் நனையாத ஓர் ஓரம்.

முனிவர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்கக் கூடாது. மழைக்காலத்து நாலு மாதம் மட்டும் விலக்கு. ஆக, படுக்கை அசையாது, படுப்பவர் அசைவார். டிரெய்லரின் ஏற்பாடு இதற்குத் தலைகீழ். இன்னொரு வேறுபாடும் உண்டு, அது இன்னும் கூர்மையானது. மாங்குளத்துத் தமிழி எழுத்துகள் கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்குக் கொடை கொடுத்ததைச் சொல்கின்றன. கொடுத்தவர்களாக அங்கே இடம்பெறுவோரில் நெடுஞ்செழியனின் ஆளான கடலன் வழுதி ஒருவன். வெள்ளறை நிகமத்து வணிகர்களும் உண்டு. இடம் முனிவருக்காக, ஆனால் அவர் அதை வாங்கவும் இல்லை, விற்கவும் முடியாது. மழை நின்றதும் எழுந்து போய்விடுவார்.

உடைமை என்பது பொருளா, மனமா என்ற வழக்கு சமணத்துக்குள்ளேயே உண்டு. தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தை மூர்ச்சை என்று வரையறுக்கிறது; பொருளின்மேல் மனம் மயங்கிக் கிடப்பதுதான் உடைமை என்பது கருத்து. அப்படியானால் பெரிய மாளிகையிலும் பற்றில்லாமல் இருக்கலாம், நாலுக்கு எட்டடிப் பெட்டியின்மேல் பைத்தியமாகவும் இருக்கலாம். திகம்பரர்கள் இதோடு நிற்கவில்லை. பற்று போயிற்று என்றால் துணி எதற்கு என்றார்கள். துணி வைத்திருந்தாலும் பற்றற்று இருக்கலாம் என்றார்கள் சுவேதாம்பரர்கள். இருவரும் தீர்க்காமல் விட்ட வழக்குதான் டிரெய்லர் விஷயத்திலும் தலைகாட்டுகிறது. அளவு குறைவது நல்ல அடையாளம், ஆனால் சான்று ஆகாது. வாரம் தவறாமல் மெழுகுபோட்டுத் துடைத்து, வெயில்படாமல் உறை மாட்டிக் காக்கும் சின்ன வண்டி, எடுப்பாரில்லாமல் கிடக்கும் பெரிய வீட்டைவிட மனத்தில் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடும்.

மதுரை தரும் மூன்றாவது விடை மனிதரைப் பற்றியது அல்ல. ஆண்டுதோறும் சித்திரையில் கள்ளழகர் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கோயிலை விட்டுப் புறப்பட்டு வைகைக்கு வருகிறார். பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்று, கள்ளர் கோலத்தில் பல்லக்கேறி, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் தங்கி, ஆண்டாள் சூடிய மாலையைத் தாமும் சூடிக் குதிரை வாகனத்தில் ஆற்றில் இறங்குகிறார். பிறகு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் விருந்தாளி. தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்பது கோயில் சொல்லும் காரணம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்திவிட்டார் என்பது ஜனங்கள் சொல்வது. வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். அவரோடு தள்ளு உண்டியல்கள் வருகின்றன, குடை வருகிறது, தீவட்டி வருகிறது. வீடு மட்டும் வருவதில்லை. நிற்கும் இடமெல்லாம் பிறர் இடம்.

வைணவ ஆசாரியர்கள் இதற்கு ஒரு தத்துவமே வைத்திருக்கிறார்கள். இறைவனின் ஐந்து நிலைகளில் அர்ச்சை எனும் திருமேனி நிலைதான் எளியோருக்கு எட்டுவது. அந்த நிலையில் இறைவன் நீராடவும் உண்ணவும் உறங்கவும் அடியாரைச் சார்ந்திருக்கிறான். சௌலப்பியம் என்று அவர்கள் போற்றும் எளிவந்த தன்மையின் உச்சம் அது. மண்டகப்படிக்காரர் இடம் கொடுக்காவிட்டால் பெருமாளுக்கு வழியில் நிழல் இல்லை.

இங்கேதான் முனிவரும் வண்டிக்காரரும் அழகரும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். மூவருக்கும் பொதுவானது சிறிய வீடு அல்ல, பிறர் கொடுக்கும் இடம். முனிவருக்கு வணிகர் வெட்டித் தந்த பாறை, வண்டிக்காரருக்கு வழியோரப் புளியமரமும் ஊர்க் கிணறும், அழகருக்கு மண்டபம். மங்கம்மாள் தம் ஆட்சிக்காலத்தில், 1689க்கும் 1706க்கும் இடையில், சத்திரங்களும் சாலைகளும் அமைத்தபோது செய்தது இதே தர்மம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் நிற்கிறது. டியர்டிராப் தன்னை எதையும் சாராத வண்டியாகக் காட்டிக்கொள்கிறது: தண்ணீர்த் தொட்டி உண்டு, பேட்டரி உண்டு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சமயக் கண்ணோடு பார்த்தால் அதன் குறை சின்னதாக இருப்பதில் இல்லை, கேட்க வேண்டியதில்லை என்பதில்தான் இருக்கிறது. நடைமுறையில் அதுவும் கேட்டாக வேண்டிய வண்டிதான். இரவில் நிறுத்த ஒருவரின் தோப்போ களமோ வேண்டும், தொட்டி காலியானால் ஒருவரின் குழாய் வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கித் தங்கும் இரவில்தான் அது கூண்டு வண்டிக்கு உறவாகிறது.

அழகரின் பயணத்திலும் கடைசித் தங்கல் பிறர் வீடே: தல்லாகுளத்தில் ராமநாதபுரம் சேதுபதிகளின் மண்டபம். அங்கிருந்து பூப்பல்லக்கில் புறப்படுகிறவர் வந்த வழியே மண்டகப்படிகளில் நின்று நின்று மலைக்குத் திரும்புகிறார். கோயில் வந்ததும் பூசணிக்காயில் சூடமேற்றிச் சுற்றி, வழிநெடுகப் பட்ட கண்திருஷ்டியைக் கழித்து அவரை உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள்.