காயலில் இறங்கிய குதிரைகள்

குதிரை ஏறப் பழகும்போது பயம் முதலில் முழங்காலில்தான் தெரிகிறது. ‘ஒன்றுமில்லை’ என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் இரண்டும் சேணத்தை இறுக்கிப் பிடித்துவிடுகின்றன. இறுக்கினால் இடுப்பு தூக்கிக்கொள்ளும், உடம்பு முன்னால் சாயும், கை தன்னால் வாரை இழுக்கும். கால் ‘போ’ என்கிறது. கை ‘நில்’ என்கிறது. ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலுப்பி விரட்டுகிற உயிர் அது. நம் தொடையின் நடுக்கம் அதற்குத் தெரியாமல் இருக்குமா?

*

காதுகள். நடக்கும்போது ஒன்று பாதையைப் பார்த்து நிற்கும். இன்னொன்று பின்னால் திரும்பி, மேலே இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருக்கும். நான் மூச்சைப் பிடித்தால் இரண்டும் பின்னால் வந்துவிடும்.

“மூச்ச விடுங்க அண்ணாச்சி. நீங்க புடிச்சா அதுவும் புடிச்சுக்கிடும்” என்பார் கூடவே நடந்து வருகிற குதிரைக்காரர். நீளமாக விடுவேன். கொஞ்ச தூரம் போனதும் குதிரையும் மூக்கு அதிர ஒரு பெருமூச்சு விடும். கழுத்து இறங்கும். சேணத்துக்குக் கீழே முதுகு இளகுவது நன்றாகவே தெரியும்.

சுவீடனில் லிண்டா கீலிங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். குதிரையோடு ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போய் வந்தவர்களிடம், கடைசித் தடவைக்கு முன்பு, ‘இந்த முறை குதிரை கடக்கும்போது ஒரு குடை விரியும்’ என்று சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது. குதிரைக்குக் குடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

*

உப்பளத்தின் ஓரமாகப் போகிற மண்பாதை. உப்பு அம்பாரத்தின் மேல் போட்ட தார்ப்பாயில் ஒரு முனை கழன்று காற்றில் படபடவென்று அடித்தது. குதிரை நின்றுவிட்டது. கழுத்து விறைத்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது. குதிரைக்காரர் அதட்டவில்லை, பிரம்பை ஓங்கவில்லை. தானே நடந்து போய் அந்தத் தார்ப்பாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் அங்கேயே நின்றோம். பிறகு குதிரை ஒரு கால் வைத்தது. நின்றது. இன்னொரு கால். கடைசியில் மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, அதோடு அந்தத் தார்ப்பாயை விட்டுவிட்டது.

ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்துச் செனொஃபோன் குதிரையேற்றம் பற்றிய தன் நூலில் இதையேதான் எழுதினார். மிரளும் குதிரையை அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோ, நீயே அதைத் தொட்டுக் காட்டு, அடிக்காதே; அடித்தால் வலிக்குக் காரணமும் அந்தப் பொருள்தான் என்று அது நினைத்துக்கொள்ளும். குதிரைக்காரர் செனொஃபோனைப் படித்தவரில்லை. குதிரையோடு நாளெல்லாம் இருப்பவருக்கு அது எங்கிருந்தும் வர வேண்டியதில்லை.

*

இந்தக் கரைக்குக் குதிரை புதிதில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில், தாமிரபரணி கடலில் சேருமிடத்துக்கு முன்னால் பழையகாயல். இப்போது கடல் விலகிப் போய்விட்டது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘காயில்’ என்று எழுதிய துறைமுகம் இதுதான் என்பது கால்டுவெல்லின் முடிவு. ஹோர்முஸ், கீஷ், ஏடன் என்று மேற்கேயிருந்து வந்த கப்பல்களில் குதிரைகள் இங்கே வந்து இறங்கின. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார், வழியில் கடலில் செத்தாலும் அந்த விலை உண்டு என்று எழுதுகிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப்.

வந்த குதிரைகளுக்கு என்ன ஆயிற்று? ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லையாம். தெரிந்தவர்கள் வந்துவிடாதபடி வணிகர்களும் கவனமாக இருந்தார்களாம். வசாஃப் சொல்வது இன்னும் வருத்தம் தருகிறது. நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பார்கள். அதன் பிறகு பழக்காமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் பேய் மாதிரி ஏறி ஓட்டுவார்கள். கொஞ்ச நாளில் நல்ல குதிரை ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும்.

வெளியூர்க்காரர்கள் எழுதியது, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் என் மனசு அந்த நாற்பது நாளிலேயே நிற்கிறது. பல நாள் கப்பலில் ஆடி வந்த பிராணி. புது மண், புது வெயில், புது மொழி. அதன் மேல் ஏறியவர்களில் எத்தனை பேர் முன்பின் குதிரையைத் தொட்டிருப்பார்கள்? அவர்கள் முழங்காலும் இறுகித்தான் இருக்கும். அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

*

இதே கரையில், இதே காலத்தில், முத்துக் குளித்தவர்களின் பயத்துக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கல்லில் கட்டிய கயிற்றில் பாதத்தைக் கொடுத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளியாள் இறங்குவான். கயிற்றின் மறுமுனை தோணியில் ஒருவர் கையில் இருக்கும். உள்ளே இருந்து ஓர் இழுப்பு வந்தால் அவர் மேலே இழுத்துவிடுவார். சுறா பயத்துக்குக் கடல்கட்டி இருந்தார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் ஆட்கள் இறங்குவார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்கு என்று மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். ஆங்கிலேயர் காலத்திலும் அந்த வழக்கம் தொடர்ந்தது.

மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதா என்பதல்ல எனக்கு முக்கியம். பயப்படாதவன் மட்டும் இறங்கட்டும் என்று இந்தக் கரை சொல்லவில்லை. பயம் வரும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஓர் ஆளை வைத்து, இருபதில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தது. குதிரைக்குப் பொன்னைக் கொட்டியவர்கள் அந்தப் பொன்னில் ஒரு துளியைக் குதிரை பழக்குகிறவருக்குச் செலவழித்திருந்தால் காயலின் கணக்கே வேறாக இருந்திருக்கும்.

*

குதிரையேற்றம் கற்றுத் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரை வந்த அன்றே தூக்கி மேலே உட்கார வைக்காதீர்கள். ‘பயப்படாதே’ என்றும் சொல்லாதீர்கள். மூக்குக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது, அதனால் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கையில் குரப்பத்தைக் கொடுத்து உடம்பு தேய்த்துவிடச் சொல்லுங்கள். கொள்ளு வைக்கட்டும். வாரைப் பிடித்துக் கூடவே நடக்கட்டும். அவர் ஏறிய பிறகும், கயிற்றின் மறுமுனையைக் கொஞ்ச காலம் நீங்களே பிடித்துக்கொண்டிருங்கள்.